கீபோர்டு இருந்த இடம்

செலின் சந்தைக்குக் கிளம்பும்போது மணி ஒன்றரை. இரண்டு பைகளை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசற்படியில் நின்றவள், "மொச்சை வந்திருக்கும், வாங்கியாரவா? கருவாட்டோட போட்டா ரெண்டு தட்டு சாப்பிடுவீங்களே" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். வேண்டாம் என்பதற்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை. அவள் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாள். "வேணாம்னா வேணாம், அதுக்கு ஏன் இப்படி எரிஞ்சு விழுறீங்க" என்று முனகியபடி இறங்கிப் போய்விட்டாள். என் பெண்டாட்டிதான், ஆனாலும் அவளிடம்கூட இன்னும் சொல்லவில்லை. மொச்சை. அந்த ஒரு சொல்லை இனி இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று சட்டம் போட முடியுமா? பொன்மலை ஞாயிற்றுச் சந்தையில் இந்நேரம் சாக்கை விரித்துக் குவித்து வைத்துக் கூவிக்கொண்டிருப்பார்கள், போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு கை அள்ளிப் பார்த்து, போதும். மூன்று மணிக்குப் பிலோ அக்கா ஒத்திகைக்கு வருகிறாள், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே எங்கள் மெல்லிசைக் குழுவில் பாடுகிற பிலோமினா. அதற்குள் இந்த ஆம்ப்பில் ரிவெர்பை, அதாவது எதிரொலியை, சேர்த்து முடிக்க வேண்டும். ஸ்டூலின் மேல் என்னுடைய கிட்டார் ஆம்ப். பக்கத்தில் குழுவை நடத்துகிற மோகன்தாஸ் மாஸ்டர் முந்தாநாள் கொடுத்தனுப்பிய சின்ன நீலப் பெட்டி, ஒரு சோப்பு டப்பா அளவுதான் இருக்கும், காலால் அழுத்தினால் கிட்டார் சத்தம் பெரிய மாதா கோயிலுக்குள் வாசித்ததுபோல எதிரொலித்துக்கொண்டே அடங்கும். "ராஜு, அடுத்த ஞாயித்துக்கிழமை கீபோர்டு இல்லாமதான் ஓட்டணும். புது ஆள் கிடைக்கிற வரைக்கும் அவன் இருந்த இடத்த உன் கிட்டார்தான் நிரப்பணும். எக்கோவப் போட்டு விரிச்சு விடு, ஜனங்களுக்கு வித்தியாசம் தெரியாது" என்று போனில் சொன்னார் மாஸ்டர். சரி மாஸ்டர் என்றேன். அவன் இருந்த இடம். பதினோரு வருஷமாக மேடையில் எனக்கு இடதுபுறம் நின்று கீபோர்டு வாசித்த வைரவன் இருந்த இடம். அது காலியானதற்கு யார் காரணமோ அவனிடமே அதை நிரப்புகிற வேலையையும் கொடுத்திருக்கிறார். அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது, எனக்கும் வைரவனுக்கும் தவிர.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். கிட்டாரிலிருந்து பெட்டிக்கு ஒரு கேபிள், பெட்டியிலிருந்து ஆம்ப்பின் முன்பக்கத் துளைக்கு இன்னொரு கேபிள். தந்தியை மெல்ல மீட்டும்வரை நன்றாகத்தான் இருந்தது. பாட்டுக்கு நடுவில் வருகிற கரகரப்பான பகுதிக்கு ஆம்ப்பைத் திருப்பியதும் எல்லாம் கெட்டது. எதிரொலியும் சேர்ந்து கரகரத்தது. ஸ்வரம் எது, அதன் வால் எது என்று பிரிக்க முடியவில்லை, அடிப்பிடித்த கஞ்சியைக் கிளறுவதுபோல ஒரு கலங்கல். யாருடைய சத்தம் என்றே தெரியாத சத்தம். அன்றைக்கு என் குரலும் அப்படித்தான் என் குரலாக இல்லாமல் போயிற்று. தஞ்சாவூர்க் கல்யாண மண்டபம், சாயங்கால வரவேற்பு, இன்றோடு பத்து நாள். பிலோ அக்கா சரணத்தில் மேலே ஏறினாள், ஏறிய இடத்தில் குரல் உடைந்தது, துணி கிழிகிற மாதிரி. சவுண்டு போடுகிறவர் வழக்கம்போல எக்கோவைக் கூட்டினார். ஒன்றரை வருஷமாக அதுதான் வழக்கம், அக்கா உடைகிற இடத்தையெல்லாம் எக்கோவால் பூசி மெழுகிவிடுவது. பாட்டு முடிந்தது, கைதட்டினார்கள். அடுத்த பாட்டுக்காகத் தந்தியை முறுக்கிச் சரிசெய்துகொண்டே நான் வைரவன் பக்கம் சாய்ந்தேன். சாயாமல் இருந்திருக்கலாம். தந்தி ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது, நான் சாய்ந்ததே ஒரு கேலியைச் சொல்வதற்குத்தான், நாலு நாளாக மனசுக்குள் செதுக்கி வைத்திருந்தேன், நல்ல வார்த்தை என்று எனக்கே சிரிப்பு வந்தது. "எக்கோவ இன்னும் ஊத்தச் சொல்லுய்யா. அக்கா குரலு காஞ்ச மொச்சை, ஊறப்போடாம மெல்ல முடியாது." கோரஸ் பாடுவதற்காகக் கீபோர்டுக்கு மேலே வைத்திருந்த மைக் திறந்திருந்தது. மெல்ல முடியாது, முடியாது, யாது, யாது. மண்டபம் முழுக்கப் போய், சுவரில் பட்டு, பந்தி நடக்கிற கூடம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. பிறகு சிரிப்பு. மாப்பிள்ளை சிரித்தான், பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், முன்வரிசையில் பட்டுப்பாவாடை கட்டிய ஒரு குழந்தை மொச்ச, மொச்ச என்று குதித்தது. அக்கா திரும்பவில்லை. அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், அடுத்த பாட்டைப் பாடினாள், பல்லவியிலிருந்து முடிவு வரைக்கும் முழுசாகப் பாடினாள். நானும் வாசித்தேன். ஒரு ஸ்வரம் பிசகவில்லை. அதுதான் இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது, கை ஓர் இடத்தில்கூட நடுங்கவில்லை எனக்கு.

நிகழ்ச்சி முடிந்து சாமான்களைக் கட்டும்போது மாஸ்டர் வந்தார். "யார்ரா அது?" சவுண்டு போடுகிறவர், "கீபோர்டு மைக்லேர்ந்துதான் வந்துச்சு மாஸ்டர்" என்றார். மாஸ்டர் வைரவனைப் பார்த்தார். "நீயாடா?" வைரவன் என்னைப் பார்த்தான். நான் கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தேன். இருபதடிக் கேபிள். கட்டைவிரலுக்கும் முழங்கைக்கும் நடுவில் ஒரு சுற்று, இரண்டு சுற்று. கேபிளை அப்படிச் சுற்றக் கூடாது, உள்ளே கம்பி முறுக்கிக்கொண்டு அறுந்துபோகும், ஊருக்கெல்லாம் நானே சொல்லிக்கொடுத்தது, ஆனாலும் அப்படித்தான் சுற்றினேன், அப்படிச் சுற்றினால்தான் கண்ணைக் கீழேயே வைத்திருக்க முடியும். நுனியைச் செருகி முடிக்கும் வரைக்கும் அவன் பார்வை என் மேலேயே இருந்தது. பிறகு மாஸ்டரிடம், "எப்படியோ வந்துடுச்சு மாஸ்டர்" என்றான். தான் சொன்னதாகச் சொல்லவில்லை. ராஜண்ணன் சொன்னார் என்றும் சொல்லவில்லை. "உங்கம்மாவ ஆஸ்பத்திரியில பதினேழு நாளு பெத்த பொண்ணாட்டம் பார்த்துக்கிட்டாங்கடா அந்தம்மா. நர்ஸுக்குச் சம்பளம் கொடுத்தா அந்த மாதிரி பார்ப்பாங்களா? நன்றிகெட்ட பயலே, இனிமே என் மேடையில ஏறாத" என்றார் மாஸ்டர். நான் கேபிளைப் பையில் வைத்தேன். பையின் ஜிப் கடிக்கிறது என்று அதைச் சரிசெய்தேன். வைரவன் பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டான். வேனில் அக்கா எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். வல்லம் தாண்டியதும் திரும்பி, "ராஜு, நீ பந்தியில உக்காரவே இல்லையே, இந்தா" என்று வாழையிலையில் கட்டியிருந்த இரண்டு இட்லியை நீட்டினாள். வாங்கினேன். வாங்கியதோடு விட்டிருக்கலாம். சாப்பிட்டேன், பசித்தது, இரண்டையும் சாப்பிட்டேன், இலையை ஜன்னலுக்கு வெளியே எறிந்தேன்.

இந்தக் கலங்கலைச் சரிசெய்ய எனக்கு வழி தெரியவில்லை. அதுவும் பொய். கொஞ்சம் உட்கார்ந்து யோசித்தால் தெரிந்திருக்கும். வைரவனுக்குப் போன் செய்ய ஒரு சாக்கு வேண்டியிருந்தது, கிடைத்தது, அவ்வளவுதான். பத்து நாளில் ஏழெட்டுத் தடவை அவன் பெயர்மேல் விரலை வைத்துவிட்டு எடுத்திருக்கிறேன். இந்தத் தடவை மணி அடித்தது. எடுக்கக் கூடாது, மாதாவே, எடுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். எடுத்தான். "சொல்லுங்கண்ணே" என்றான், பத்து நாளைக்கு முந்தி எப்படிச் சொல்வானோ அதே மாதிரி. "வைரவா, ஒரு சந்தேகம். மாஸ்டர் ரிவெர்ப் பெட்டி ஒண்ணு கொடுத்திருக்காரு. கரகரப்புல போட்டா ஒரே கலங்கலா வருது." எதற்கு உங்களுக்குத் திடீரென்று ரிவெர்ப் என்று அவன் கேட்டால் என்ன சொல்வது? கேட்கவில்லை. அவனுக்குத் தெரியாமலா இருக்கும். "முன்னாடி செருகியிருக்கீங்களா?" "ஆமாப்பா." "அதான். ஆம்ப்போட முதுகுல ரெண்டு துளை சும்மா கிடக்கும் பாருங்க. சென்ட், ரிட்டன்னு எழுதியிருக்கும். உங்க ஆம்ப்ல உண்டு, நான் பார்த்திருக்கேன். சென்ட்லேர்ந்து பெட்டிக்குள்ள போகட்டும், பெட்டியிலேர்ந்து ரிட்டனுக்கு வரட்டும். கரகரப்பு எல்லாம் முன்னாடியே முடிஞ்சிடும், அதுக்கப்புறம்தான் எதிரொலி சேரும். சுத்தமா கேக்கும்ணே." "சரிப்பா." "அடாப்டர ஆம்ப் பக்கத்துல வைக்காதீங்க, இரையும்." "சரி." அதற்குமேல் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. அவன் வீட்டில் குழாய்த் தண்ணீர் குடத்தில் விழுகிற சத்தம் கேட்டது, குடம் நிரம்ப நிரம்பச் சத்தம் மேலே ஏறிக்கொண்டே போயிற்று. "வைரவா, அன்னைக்கு" என்று ஆரம்பித்தேன். "அண்ணே" என்றான். கோபம் இல்லை, கோபம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க சொல்லுவீங்கன்னு நினைச்சேன். நீங்க கேபிள் சுத்தி முடிக்கிற வரைக்கும் பார்த்தேன். அதுக்குமேல நானா வாயத் திறந்து உங்களக் காட்டிக்கொடுத்தா நல்லாவா இருக்கும்? எனக்கு மொதமொத மேடை வாங்கிக் கொடுத்தது நீங்கதானே." "நான் அக்காகிட்ட" என்று மறுபடியும் ஆரம்பித்தேன், எனக்கே தெரியாது அந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று. "எங்கம்மாவுக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சுண்ணே, நான்தான் சொன்னேன்னு நினைச்சுக்கிட்டிருக்கு. எங்கிட்ட பேச மாட்டேங்குது. நான் டீ போட்டுக் கொடுத்தா வாங்க மாட்டேங்குது. மத்தபடி ஒண்ணுமில்ல. தண்ணி நிரம்பிடுச்சு, வச்சிடுறேன்." வைத்துவிட்டான்.

ஆம்ப்பைத் திருப்பினேன். முதுகெல்லாம் ஒட்டடை. பதினாலு வருஷமாக என்னிடம் இருக்கிற ஆம்ப், இந்த இரண்டு துளைகள் எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை நான், பக்கத்தில் நின்றவன் பார்த்து வைத்திருக்கிறான். டீகூட வாங்க மாட்டேன் என்கிறாளாம் அவன் அம்மா. அந்தம்மாவை நான் பார்த்திருக்கிறேன், ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு, அக்காவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு. கேபிளைச் செருகினேன். தந்தியைத் தட்டினால் சத்தமே இல்லை. மறுபடி குனிந்தேன். மாற்றிச் செருகியிருக்கிறேன், உள்ளே போக வேண்டியதும் வெளியே வர வேண்டியதும் இடம் மாறிக் கிடக்கின்றன. இரண்டு கேபிளும் ஒரே கறுப்பு. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருபத்தாறு வருஷமாக ஃபிட்டர் வேலை பார்க்கிறவன், இரண்டு கேபிளைச் சரியாகச் செருகத் தெரியவில்லை. மாற்றினேன். சத்தம் வந்தது, கூடவே ம்ம்ம் என்று ஓர் இரைச்சல். அடாப்டரை ஆம்ப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், அவன் சொல்லி ஐந்து நிமிஷம் ஆகவில்லை. எடுத்துப்போய் அலமாரிக்குப் பின்னால் இருக்கிற பிளக்கில் போட்டேன். இரைச்சல் குறைந்தது, நிற்கவில்லை. ரிட்டன் துளையில் களிம்பு ஏறியிருக்கும், இத்தனை வருஷம் சும்மா கிடந்ததல்லவா. கேபிள் நுனியிலிருந்த ஜாக்கைச் செருகினேன், எடுத்தேன், துடைத்தேன், செருகினேன். அக்கா வந்ததும் சொல்லிவிடலாம். வந்ததும் எப்படிச் சொல்வது, பாவம் வெயிலில் நடந்து வந்திருப்பாள். ஒத்திகை முடிந்ததும் சொல்லலாம். ஒத்திகை நன்றாக நடந்திருந்தால் அந்தச் சந்தோஷத்தைக் கெடுப்பதா? நிகழ்ச்சி முடியட்டும். நிகழ்ச்சி முடிந்தால் புது கீபோர்டு ஆள் வந்துவிடுவான், அப்புறம் சொல்லித்தான் என்ன ஆகப்போகிறது. இப்படித்தான் போன சனிக்கிழமை சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிட, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றேன், முழங்காலிட்டேன், சாமியார் காதைக் கொடுத்தார். கோபம், பொறாமை, ஜெபத்தில் பராக்கு என்று வருஷம் முழுக்கச் சொல்கிற மூன்றையே சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். செலின் அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, "வைரவன் அண்ணன் வாயிலயா அப்படி ஒரு வார்த்தை வந்துச்சு? என்னால நம்பவே முடியலங்க" என்றாள். "யார் வாயில எது வரும்னு யாரு கண்டா" என்றேன். அதை நான் சொல்லியிருக்கவே வேண்டியதில்லை. பேசாமல் சோற்றைப் பிசைந்திருக்கலாம். பேசாமல் இருந்தது ஒரு பாவம், பேசியது இரண்டாவது. இதற்கெல்லாம் முந்தி ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி நினைக்காமல் இருக்கத்தான் மற்றவற்றை நினைத்துக்கொண்டிருக்கிறேனோ என்னவோ. தைராய்டு ஆபரேஷன் முடிந்து மூன்றாவது மாசம், அக்கா மறுபடி மேடையேறிய அன்று, இறங்கி வந்ததும் நேரே என்னிடம்தான் வந்தாள். கழுத்தில் தழும்பு தெரியாமல் முந்தானையைச் சுற்றியிருந்தாள். "ராஜு, உனக்குத்தான் காது சுத்தம். உண்மையச் சொல்லு. குரல் எப்படி இருக்கு?" முன்னைவிட நல்லா இருக்குக்கா என்றேன். ஏன் சொன்னேன்? அவள் முகம். அந்த முகத்தைப் பார்த்து வேறு எதைச் சொல்வது. முகத்தைப் பார்த்து அது, முதுகைப் பார்த்து இது. ஜாக் ஒரு தடவை டக்கென்று உள்ளே உட்கார்ந்தது. இரைச்சல் நின்றது.

கிட்டாரை எடுத்து நாலைந்து ஸ்வரம் ஒன்றாகச் சேர்ந்த ஒரே ஒரு கார்டு மீட்டினேன். அந்தச் சத்தம் முதலில் முழுசாக நின்றது, பிறகு அதற்குப் பின்னால் இன்னொரு அறை திறந்ததுபோல எதிரொலி விரிந்து, ஒன்றோடொன்று முட்டாமல், கரகரப்பிலும் தெளிவாக, மெல்லக் கரைந்தது. இத்தனை வருஷம் இதே ஆம்ப்பில் இப்படி ஒரு சத்தம் இருந்ததா? அடுத்த கார்டு. அதற்கடுத்தது. அறை நிறைந்தது, அலமாரிக் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும், இரண்டு மூன்று நிமிஷம் எனக்கு ஒன்றுமே நினைவில் இல்லை, வெறும் சந்தோஷம். கீபோர்டு வாசிக்கிற இடத்தையும் சேர்த்து வாசித்துப் பார்த்தேன், பொருந்தியது, மாஸ்டர் சொன்னது சரிதான், ஜனங்களுக்கு வித்தியாசம் தெரியாது. அப்படி நினைத்த உடனே கை நின்றுவிட்டது. கடைசியாக மீட்டியது மட்டும் கொஞ்ச நேரம் அறையில் இருந்தது. அது அடங்கும்போது, "உள்ள வரலாமா?" என்று வாசலில் குரல்.

பிலோ அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் குடையை மூலையில் சாத்தினாள். ஞாயிற்றுக்கிழமை டூட்டி முடித்து நேரே வந்திருக்கிறாள், ஆஸ்பத்திரி வாடை இருந்தது.

"செலின் எங்க?"

"சந்தைக்குப் போயிருக்காக்கா. உக்காருங்க."

தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு ஆம்ப்பைப் பார்த்தாள். "வாசல்லேயே கேட்டுட்டு நின்னேன். நல்லா இருக்கு ராஜு. அவன் இல்லாத குறையே தெரியாது போலிருக்கே."

"அக்கா, அத சொன்னது வைரவன் இல்ல."

"எத?"

"தஞ்சாவூர்ல. நான்தான் சொன்னேன்."

ஒத்திகைக்கு அப்புறமா, நிகழ்ச்சிக்கு அப்புறமா என்று அவ்வளவு கணக்குப் போட்டேனே, அது தானாக வந்து விழுந்துவிட்டது. அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். நிதானமாகத்தான் வைத்தாள்.

"என்ன சொன்ன?"

"நான்தான்கா சொன்னேன்."

"அது காதுல விழுந்துச்சு. அன்னைக்கு என்ன சொன்ன? எக்கோவுல எனக்குப் பாதி விளங்கல. சிரிப்புதான் முழுசா விளங்குச்சு. யாரக் கேட்டாலும் ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்லக்கான்றாங்க. நீ சொல்லு."

"வேணாம்கா."

"என் முகத்தப் பார்த்துச் சொல்லு."

சொன்னேன். எக்கோவை இன்னும் ஊற்றச் சொல்லு என்பதிலிருந்து மெல்ல முடியாது என்பது வரைக்கும். ஒரு வார்த்தையைக்கூட மாற்ற முடியவில்லை, அப்படிப் பாடமாகியிருந்தது. அந்தச் சின்ன அறையில், எந்தச் சோடனையும் இல்லாமல், என் குரல் எனக்கே அந்நியமாக, மெலிந்து, கொஞ்சம் மூக்கால் பேசுகிற ஒரு நடுவயது ஆளின் குரலாகக் கேட்டது. சிரிப்பு வருகிற மாதிரி அதில் ஒன்றுமே இல்லை.

அக்கா தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"உண்மையா அது?"

"அக்கா, நான் சும்மா வாய்க்கொழுப்புல..."

"உண்மையான்னு கேட்டேன். குரல் போயிடுச்சா எனக்கு?"

காது சுத்தம் உனக்கு என்று சொன்னவள். "மேல போறப்ப உடையுதுக்கா. கீழ நல்லாதான் இருக்கு. ஸ்கேலக் குறைச்சா தெரியாது."

"எப்பலேர்ந்து?"

"ஆபரேஷனுக்கு அப்புறம்."

"மாஸ்டருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சவுண்டு போடுறவருக்கு?"

"அவருக்கும் தெரியும்கா."

"ஒண்ணரை வருஷம். எல்லாரும் சேர்ந்து என்ன மேல ஏத்திவிட்டு, கீழ நின்னு வேடிக்கை பார்த்திருக்கீங்க." கழுத்துத் தழும்பை விரலால் தொட்டுக்கொண்டாள். "ஒருத்தர்கூடவா சொல்லல?"

"வைரவன் சொன்னான். உங்ககிட்ட இல்ல, மாஸ்டர்கிட்ட. அக்காவுக்கு ஸ்கேல ஒண்ணரைக் கட்டை இறக்கி வாசிக்கலாம் மாஸ்டர்னு ரெண்டு தடவ சொன்னான். எல்லாப் பாட்டையும் மாத்தணும், முடியாதுன்னுட்டாரு."

இதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தைப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. என்னைப் பற்றித் தெரிந்தபோது வராத அழுகை இப்போது வந்தது. கண் நிறைந்து, உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"புதன்கிழமை அவன் எங்க வீட்டுக்கு வந்தான்" என்றாள். "வெளிய நின்னு, அக்கா, அக்கான்னு கூப்பிட்டான். நான் உள்ளதான் இருந்தேன். லைட்டு எரியுது, விசிறி ஓடுது, நான் உள்ள இருக்கேன்னு அவனுக்கும் தெரியும். கதவத் திறக்கல நான். கொஞ்ச நேரம் நின்னுட்டு, வாசல் கேட்டச் சத்தம் வராம சாத்திட்டுப் போனான். எனக்கு அன்னைக்கு எவ்வளவு திருப்தியா இருந்துச்சு தெரியுமா? நல்லா வேணும்னு நினைச்சேன்."

கீழே இருந்த டம்ளரை எடுக்கக் குனிந்தேன்.

"நீ என்னப் பத்தி என்ன வேணா சொல்லிட்டுப் போ. எனக்கு அம்பத்தஞ்சு வயசு, நான் கேக்காத பேச்சா? ஆனா நீ என்ன எப்படிப்பட்டவளா ஆக்கிவிட்ட பார்த்தியா?"

எனக்கு மட்டும் என்று நினைத்து வைத்திருந்தது அவளையும் தொட்டுவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது. பத்து நாளாக என் வெட்கத்தை நான் தூக்கிக்கொண்டு திரிந்ததாக நினைத்தேன், அது அந்தப் பத்து நாளும் வைரவன் வீட்டிலும் அக்கா வீட்டிலும் வேலை செய்திருக்கிறது. மன்னிச்சுக்கங்க அக்கா என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். கையை உயர்த்தித் தடுத்தாள்.

"எங்கிட்ட வேணாம். எழுந்திரு. செருப்பப் போடு."

"எங்கக்கா?"

"எங்கயா? அவன் வீட்டுக்குத்தான்."

"ஸ்கூட்டர எடுக்கிறேன்."

"உன் பின்னாடி நான் உக்கார மாட்டேன். நடக்கலாம்."

முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள், குடையை மறந்துவிட்டாள். நான் கதவைப் பூட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். சந்தைக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. தக்காளி வண்டி, பிளாஸ்டிக் வாளிக்காரன், கோழிக்கூண்டுகள், பத்து ரூபாய், பத்து ரூபாய் என்று ஒலிபெருக்கியில் ஒருவன். அக்கா யாரையும் இடிக்காமல், நிற்காமல் போய்க்கொண்டே இருந்தாள், வார்டில் நடக்கிற நடை. நான் இரண்டு தடவை அவளைத் தவறவிட்டு, மறுபடி அந்த வெள்ளை ஜாக்கெட்டைக் கண்டுபிடித்தேன். வைரவன் என்ன சொல்வான், பரவாயில்லண்ணே என்பான், அப்படிச் சொன்னால் நான் எங்கே பார்ப்பது, அவன் அம்மா இருப்பாள், கட்டிலில் உட்கார்ந்திருப்பாள், அவனிடம் தனியாக, மெதுவாக, வெளியே அழைத்துப் போய் ஒரு டீக்கடையில் வைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டால் என்ன. திருப்பத்தில் அக்கா நின்று திரும்பினாள். எனக்காகக் காத்திருந்தாள்.

"அவங்கம்மாவுக்கு ரெண்டு காதும் மந்தம்" என்றாள். "அந்தம்மாகிட்டதான் நீ மொதல்ல சொல்லணும். மெதுவாச் சொன்னா விளங்காது. நாலு வீட்டுக்குக் கேக்கிற மாதிரி சத்தமாச் சொல்லணும்."

"சொல்றேன்கா" என்றேன்.

ஒலிபெருக்கிக்காரனின் இரைச்சலில் அவளுக்கு விழவில்லை. "என்ன?"

"சொல்றேன்கா" என்று கத்தினேன். கூடையோடு போன இரண்டு பெண்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.